சிங்கப்பெண் பட்டமும் விடுதலைப் பத்திரமும்

காசிமேட்டிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், தெரு, ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு 44 வயது. திருமணம் ஆனது 2001-ல். கணவர் இறந்த பிறகு மகளோடு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டார். விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்கிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் கருவாட்டு வியாபாரம். மகள் அரசுப் பள்ளியில் படித்து, இப்போது பாரதி மகளிர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. குடியிருக்கும் வீடு, அப்பா 1987-ல் சொந்தச் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கிய கால் கிரவுண்ட் (அறுநூறு சதுர அடி) வீடு. அப்பா 2011-ல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். அம்மா இவரோடுதான் இருக்கிறார். இரண்டு அண்ணன்கள். பெரியவர் விசைப்படகு டிரைவர், திருவொற்றியூரில் குடும்பம். சின்னவருக்கு மணலியில் கம்பெனி வேலை.

மகளிர் தினத்துக்கு ஏரியா சங்கம் ஒன்று விழா எடுத்து, இவருக்குச் 'சிங்கப்பெண்' விருது கொடுத்திருக்கிறது. ஷீல்டு, பொன்னாடை எல்லாம் உண்டு. விழாக் கமிட்டியில் பெரிய அண்ணனும் ஒருவர். மைக்கைப் பிடித்து, "என் தங்கச்சி யார்கிட்டயும் கை நீட்டாதவ. சொந்தக் கால்ல நிக்கிற சிங்கம். அப்பன் சொத்து, ஆத்தா சொத்துன்னு வந்து நிக்கிறவ கெடையாது" என்று பேசியிருக்கிறார். ஜனம் கை தட்டியிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் இவரும் மைக்கை வாங்கி, "எனக்கு யாரு சொத்தும் வேணாம், எங்க அண்ணனுங்க நல்லா இருந்தா அதுவே போதும்" என்று சொல்லிவிட்டார். அது வீடியோவாகக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறது. ஒரு வாரம் கழித்து, இருபது ரூபாய் முத்திரைத்தாளில் கையால் எழுதிய ஒரு பேப்பரில் கையெழுத்து கேட்டு வாங்கியிருக்கிறார்கள். என்ன எழுதியிருந்தது என்று இவர் முழுசாகப் படிக்கவில்லை. பிரதியும் கையில் இல்லை. இப்போது தடைக்காலம் தொடங்கி அண்ணன் கரையில் இருக்கிறார். "ரிஜிஸ்டர் ஆபீஸ் போய் ஒரு விடுதலைப் பத்திரம் போட்டுடலாம், வர்ற ஞாயித்துக்கிழமை ரைட்டரைக் கூட்டிட்டு வரேன்" என்கிறார். வீட்டில் தனக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தருவதுதான் விடுதலைப் பத்திரம்; ரைட்டர் என்பது பத்திர எழுத்தர்.

சகோதரி கேட்பது இதுதான்: "மேடையில் சொன்னது என்னைக் கட்டுப்படுத்துமா? கல்யாணத்துக்கு 15 சவரன் போட்டார்களே, அதற்கப்புறமும் எனக்குப் பங்கு உண்டா? பன்னிரண்டு வருஷமாக வீட்டு வரி, கரண்டு பில் நான்தான் கட்டுகிறேன், அப்படிப் பார்த்தால் வீடே எனக்குத்தானே? எல்லாவற்றுக்கும் மேல, ஊரே சிங்கப்பெண் என்று சொன்ன பிறகு நான் போய்ப் பங்கு கேட்டால், அந்தப் பேருக்கு என்ன மரியாதை?"

சகோதரி, நீங்கள் கடைசியில் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவற்றுக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்தக் கடைசிக் கேள்வி என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

அந்தப் பேரைப் பற்றி

சிங்கப்பெண் என்ற சொல் சில வருஷங்களுக்கு முன்பு இவ்வளவு புழக்கத்தில் இல்லை. ஒரு சினிமாப் பாட்டு வந்து ஊரெல்லாம் பாடிய பிறகு, மகளிர் தினப் பேனர், ஆட்டோ முதுகு, நகைக்கடை விளம்பரம் என்று எங்கும் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதற்கு முன் வீரமங்கை என்றோம், இரும்புப் பெண்மணி என்றோம். நம்ம பக்கத்தில் "ஆம்பள மாதிரி நிக்கிறா" என்பதுதான் பெரிய பாராட்டு. அதோடு ஒப்பிட்டால் சிங்கப்பெண் எவ்வளவோ மேல், பெண்ணைப் பெண்ணாகவே வைத்துப் புகழ்கிறது. நல்ல சொல்தான், எனக்கு அதன்மேல் கோபம் இல்லை.

ஆனால் அது எந்த நேரத்தில் சொல்லப்படுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பாரிமுனையில் என் ஆபீசுக்கு வருகிறவர்களிடம் அடிக்கடி கேட்பது இது: "அவங்க சிங்கப்பெண் மேடம், அவங்களே சமாளிச்சுப்பாங்க." மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்கிறபோது சொல்வார்கள். புருஷன் கடனை மனைவி தலையில் கட்டுகிறபோது சொல்வார்கள். பங்கு பிரிக்கிறபோது கட்டாயம் சொல்வார்கள். எதையாவது கொடுக்க வேண்டிய இடத்தில் யாரும் இந்தச் சொல்லை எடுத்து நான் பார்த்ததில்லை. உண்மையான சிங்கக் கூட்டத்திலும் வேட்டைக்குப் போவது பெரும்பாலும் பெண் சிங்கங்கள்தான், முதலில் தின்ன உட்காருவது பல நேரம் ஆண் சிங்கம் என்கிறார்கள். பேர் வைத்தவர்கள் அதை யோசித்து வைத்தார்களா என்று தெரியாது.

நாம் எல்லோரும் கேள்வி கேட்காமல் வீரமங்கை என்று கூப்பிடுகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். சிவகங்கை வேலு நாச்சியார். 1772-ல் காளையார்கோவிலில் கணவர் கொல்லப்பட்டார், சீமை பறிபோனது. மகளைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில் போய் இருந்தார். ஹைதர் அலியிடம் உதவி கேட்டார், படை திரட்டினார், 1780-ல் திரும்பி வந்து தன் சீமையை எடுத்துக்கொண்டார். "எனக்கு எதுவும் வேண்டாம், நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் அவரை யார் வீரமங்கை என்றிருப்பார்கள்? கை நீட்டி உதவியும் கேட்டார், உரிமையையும் கேட்டார். இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பேர்.

உங்கள் வீட்டிலேயே இன்னொரு பட்டம் இருக்கிறது, கவனித்தீர்களா? உங்கள் மகள் அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கு வரும். அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்ததே அவள் படிக்கிற அதே கல்லூரியில்தான், 2022 செப்டம்பர் 5. மகளுக்குக் கிடைத்த பேரோடு மாசம் ஆயிரம் ரூபாய் வருகிறது. உங்களுக்குக் கிடைத்த பேரோடு ஒரு விடுதலைப் பத்திரம் வருகிறது. இந்த வித்தியாசத்தைத்தான் உங்கள் மகள் முதலில் கண்டுபிடித்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். "கையெழுத்து போடாதம்மா" என்று அவள் சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே.

ஆக, பங்கு கேட்டால் பேர் போகாது. போகிற பேர் என்றால் அது உங்களுக்கு வைத்த பேர் இல்லை, அந்த வீட்டுக்கு வைத்த விலை. சரி, இனி சட்டத்துக்கு வருவோம்.

உங்கள் பங்கு எவ்வளவு, எதனால்

நீங்கள் இந்துக் குடும்பம் என்று எழுதியிருப்பதால் 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அப்பா சொந்தமாக வாங்கிய சொத்து, உயில் இல்லை. அப்படியென்றால் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. அம்மா ஒன்று, அண்ணன்கள் ஆளுக்கு ஒன்று, நீங்கள் ஒன்று. நாலில் ஒரு பாகம் உங்களுடையது, அப்பா கண்மூடிய நிமிடத்திலிருந்தே. யாரும் கொடுக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு விஷயம்: 2011-ல் உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தாரா என்று எழுதவில்லை. இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, கணக்கு மாறும்.

"2005-க்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுக்குச் சொத்து கிடையாது" என்று ரைட்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இது நம் ஊரில் ஓயாமல் சுற்றி வருகிற தவறு. 1989-ல் தமிழ்நாட்டில் கொண்டுவந்த திருத்தமும், 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தமும் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்து சம்பந்தப்பட்டவை. 1989 திருத்தத்தில், அது அமலுக்கு வரும் முன்பே திருமணமான மகள்களுக்கு உரிமை இல்லை என்று இருந்தது. அந்த வாக்கியத்தின் நிழல்தான் இன்னமும் பத்திர எழுத்தர்கள் வாயில் ஓடிக்கொண்டிருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பிறப்பாலேயே மகனுக்குச் சமமான உரிமை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. அது கிடக்கட்டும், உங்கள் கதைக்கு அந்த விவாதமே தேவையில்லை. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்பது 1956-லிருந்தே இருக்கிறது.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அது பூர்வீகச் சொத்து வரை வந்து சேர அறுபது வருஷம் ஆயிற்று. அவ்வளவு பேர் மேடையில் நின்று கேட்டு வாங்கியதை நீங்கள் மேடையில் நின்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தீர்கள். சும்மா சொன்னேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பதினைந்து சவரன் விஷயம்: கல்யாண நகையும் சீரும் சொத்துப் பங்குக்கு ஈடாகாது. அது உங்கள் ஸ்திரீதனம், அதாவது உங்களுக்கே சொந்தமான சொத்து. "இதைப் பங்காக வைத்துக்கொள்கிறேன்" என்று அப்போது பதிவுப் பத்திரம் எழுதியிருந்தால் கதை வேறு, நீங்கள் எழுதவில்லை. உங்கள் பக்கத்துத் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் வாரிசுக் கணக்கு வேறு. அவர்கள் கதையை உங்களுக்கு யாராவது உதாரணம் காட்டினால் காதில் வாங்க வேண்டாம்.

உங்கள் பக்கமும் ஒரு தவறு இருக்கிறது. வரி கட்டினேன், கரண்டு பில் கட்டினேன், அதனால் வீடு முழுசும் எனக்கு என்பது நிற்காது. கூட்டுச் சொத்தில் ஒரு பங்குதாரர் வரி கட்டுவதால் மற்றவர்களின் பங்கு கரைந்துவிடாது. நீங்கள் மாடியில் ஷீட் போட்டு ஒரு ரூம் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செலவைப் பாகம் பிரிக்கும்போது கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம், ரசீதுகளைத் தேடி எடுத்து வையுங்கள். ஆனால் நீங்கள் செலவுக் கணக்கு எடுத்தால் அவர்கள் "இத்தனை வருஷம் வாடகை இல்லாமல் இருந்தாயே" என்று எதிர்க்கணக்கு எடுக்கலாம். எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும் என்பதை யோசித்துச் செய்யுங்கள்.

மேடைப் பேச்சும் இருபது ரூபாய்ப் பேப்பரும்

மேடையில் சொன்ன வார்த்தையால் ஒரு சதுர அடி கூடக் கை மாறாது. அசையாச் சொத்தில் உரிமையை விட்டுக்கொடுக்க எழுத்து வேண்டும், முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டப்படி பதிவாக வேண்டும். வீடியோவை எத்தனை தடவை ஃபார்வர்டு செய்தாலும் அது பத்திரம் ஆகாது. அண்ணன்கள்மேல் உங்களுக்குப் பாசம் உண்டு என்பதற்கு வேண்டுமானால் அது சாட்சி.

அந்தப் பேப்பர்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. பதிவாகாத பேப்பர் செல்லாது என்று எல்லோரும் உங்களுக்குத் தைரியம் சொல்லியிருப்பார்கள், பெரும்பாலும் சரிதான். "இதன் மூலம் என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதியிருந்தால், பதிவு இல்லாமல் அது உங்கள் உரிமையைத் தொடாது. ஆனால் குடும்ப ஏற்பாடு என்று ஒன்று உண்டு. குடும்பத்துக்குள் வாய்மொழியாக ஏற்கெனவே பேசி முடித்த ஏற்பாட்டை, பின்னால் ஞாபகத்துக்காகக் குறித்து வைத்தால் அந்தக் குறிப்பைப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1976-லேயே சொல்லியிருக்கிறது. கெட்டிக்கார ஆள் ஒருவர் எழுதியிருந்தால், "விழா அன்று எல்லோர் முன்னிலையிலும் பேசி முடித்தபடி" என்று ஒரு வரி சேர்த்திருப்பார். அப்போது உங்கள் மேடைப் பேச்சும் அந்தப் பேப்பரும் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நிற்கப் பார்க்கும். கோர்ட்டில் அது கடைசியில் நிற்குமா என்பது வேறு. நீங்கள் அதை உடைக்க வருஷக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

அதனால் இதை இந்த வாரமே செய்யுங்கள். அண்ணன்கள் இருவருக்கும் தனித்தனியாக ஒரு கடிதம், ஒப்புகை வருகிற மாதிரித் தபாலில் அனுப்புங்கள். வக்கீல் நோட்டீஸ் வேண்டாம், எடுத்த எடுப்பில் அது சண்டை. உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள்: விழாவில் பேசியது பாசத்தில் பேசியது, பங்கை விட்டுக்கொடுப்பதாக எந்த ஏற்பாடும் நடக்கவில்லை, இன்ன தேதியில் கையெழுத்துப் போட்ட பேப்பரை முழுசாகப் படிக்கவில்லை, எனக்குப் பிரதி வேண்டும், என் பங்கு என்னிடமே இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம். "மிரட்டி வாங்கினார்கள்" என்று சேர்க்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். மிரட்டவில்லையே, ஏன் எழுத வேண்டும்? பின்னால் அந்த ஒரு பொய் மற்ற உண்மைகளையும் கெடுத்துவிடும்.

விடுதலைப் பத்திரம் என்றால் என்ன

பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள். விடுதலை ஆவது சொத்து, உங்கள் பிடியிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை ரைட்டர் கொண்டு வரும் வரைவில் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "பிரதிபலன் ஏதுமின்றி, அன்பின் பேரிலும் பாசத்தின் பேரிலும், யாருடைய தூண்டுதலும் இன்றி, சுய நினைவோடும் முழு மனதோடும் எனது பாகத்தை விடுதலை செய்து கொடுக்கிறேன். இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்வித பாத்தியமும் இல்லை." இந்த வரிகள் எல்லாப் பத்திரத்திலும் அச்சு மாதிரி வரும். அதில் 'என் வாரிசுகள்' என்று இருப்பது உங்கள் மகள். பதிவான பிறகு "நான் படிக்கவில்லை" என்று சொல்லி ரத்து செய்வது ரொம்பக் கஷ்டம், அதற்குக் காலக்கெடுவும் உண்டு.

நீங்கள் நேரில் போய் போட்டோ எடுத்து, கைரேகை வைக்காமல் அந்தப் பத்திரம் பதிவாகாது. அதற்கு ஒரு சுற்றுவழி இருக்கிறது, பவர் பத்திரம். "அலைய வேண்டாம், எனக்கு ஒரு பவர் குடுத்துடு, நான் பார்த்துக்கறேன்" என்று கேட்டால் அதற்கும் கையெழுத்து போடாதீர்கள். ரிஜிஸ்டர் ஆபீசில் ஓர் ஆட்சேபணை மனு கொடுத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். அதை நம்பிக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள்.

அப்புறம், அண்ணன்கள் கெட்டவர்கள் என்று நான் முடிவு கட்டவில்லை. படகில் போகிறவருக்கு நிலையான வருமானம் இல்லை, வீட்டை வைத்து ஏதோ கடன் வாங்கும் யோசனை இருக்கலாம். வங்கி நாலு பேர் பேரில் இருக்கிற சொத்துக்குக் கடன் கொடுக்கத் தயங்கும். காரணத்தைக் கேளுங்கள். காரணம் நியாயமாக இருந்தாலும் அதற்கு வழி உங்கள் பங்கைச் சும்மா எழுதிக் கொடுப்பது இல்லை.

இனி என்ன செய்யலாம்

அறுநூறு சதுர அடியை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு நூற்றைம்பது. சுவர் எழுப்பிக் குடியிருக்க முடியாது. ஆகவே நடைமுறையில் மூன்று வழிதான். ஒருவர் மற்றவர்களின் பங்கைப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்வது. எல்லோரும் சேர்ந்து விற்றுப் பணமாகப் பிரிப்பது. அல்லது அம்மா காலம் வரை இப்படியே விட்டுவைப்பது.

அம்மா அந்த வீட்டில்தான் இருக்க ஆசைப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் என் யோசனை மூன்றாவது வழி, ஆனால் வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில். அண்ணன்களுக்குப் பணம் அவசரம் என்றால் முதல் வழியைத் திருப்பிப் போடுங்கள்: "நான் ஏன் விடணும், நீங்க உங்க பங்கை எனக்கு விலைக்குக் குடுங்க" என்று கேளுங்கள். மகளிர் குழுக் கடனும் உங்கள் சேமிப்பும் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுவிட்டுக் கேளுங்கள், வீம்புக்குக் கேட்க வேண்டாம். மார்க்கெட்டில் வட்டிக்கு எடுத்து வீடு வாங்கினால் வீடும் போகும், வியாபாரமும் போகும்.

அம்மாவின் பங்கு அம்மாவுடையது. உங்களுக்கு எழுதலாம், அண்ணன்களுக்கு எழுதலாம், யாருக்கும் எழுதாமலும் இருக்கலாம். எழுதாமல் போனால் அவர் காலத்துக்குப் பிறகு உங்கள் மூவருக்கும் சமமாக வரும். "நீதானே பார்த்துக்கறே, உனக்கு எழுதறேன்" என்று அவரே சொன்னால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நீங்கள் தூண்டியதாகப் பேச்சு வரக்கூடாது. யாருக்குத் தான செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தைச் சும்மா எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதினாலும், "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையை அதில் அம்மா எழுதச் சொல்லட்டும். பார்த்துக்கொள்ளாவிட்டால் 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அந்த வரி கைகொடுக்கும். அதே சட்டத்தில், மகன்களிடம் மாதாமாதம் பராமரிப்புச் செலவு கேட்டு அம்மா கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை. சொத்துப் பேச்சு வரும்போது அம்மாவின் மருந்துச் செலவையும் மேஜையில் வையுங்கள். இதுவரை முழுசும் நீங்களே தூக்கியிருக்கிறீர்கள், சிங்கம் ஆயிற்றே என்று யாரும் கேட்கவில்லை.

எதுவும் ஒத்துவரவில்லை என்றால் பாகப்பிரிவினை வழக்கு. சொத்தின் மதிப்பைப் பொறுத்து சிட்டி சிவில் கோர்ட்டிலோ உயர் நீதிமன்றத்திலோ போட வேண்டிவரும். இரண்டும் ஒரே வளாகம்தான். ஆனால் முதல்நிலைத் தீர்ப்பு, இறுதித் தீர்ப்பு என்று ஆண்டுக்கணக்கில் ஓடும். இங்கே ஒரு முக்கியமான விஷயம்: எவ்வளவு மனஸ்தாபம் வந்தாலும் வீட்டைக் காலி செய்துவிட்டு வெளியே போகாதீர்கள். கூட்டு அனுபவத்தில் இருக்கிற பங்குதாரர் வழக்குப் போட்டால் கோர்ட் ஃபீஸ் சிறிய தொகை. வெளியேற்றப்பட்டவர் போட்டால் பங்கின் மதிப்புக்கு ஏற்பக் கட்ட வேண்டும்.

வழக்குக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் அண்ணன்களை அழைத்துச் சமரசம் பேச ஏற்பாடு செய்வார்கள். அலுவலகம் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது, உங்களுக்கு ஒரு பஸ். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நீங்கள் சம்பாதிக்கிறவர் என்பதற்காக மறுக்க முடியாது. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம். அங்கே பேசி முடித்து லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) உத்தரவு வாங்கினால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் அங்கேயும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து.

காகிதங்களில் மூன்றை உடனே பாருங்கள். அப்பாவின் 1987 கிரயப் பத்திரம் அசல் யாரிடம் இருக்கிறது? அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தால் இன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். இரண்டாவது, வாரிசுச் சான்றிதழ். 2011-க்குப் பிறகு அண்ணன்கள் வாங்கியிருந்தால் அதில் உங்கள் பேர் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிக்கொடுத்த பெண் என்று விட்டுவிட்டு வாங்குவது நடக்கிறது, இருந்தால் தாசில்தாரிடம் முறையிடலாம். மூன்றாவது, வில்லங்கச் சான்று, அதாவது அந்த வீட்டின்மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்ற பட்டியல். பதிவுத் துறை இணையதளத்தில் மகளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், 1987-லிருந்து இன்று வரை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களே, என்ன சொல்வது என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். டீ போட்டுக் கொடுங்கள். வரைவை வாங்கிக்கொண்டு, "படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேண்ணே, ஒரு காப்பி இருக்கட்டும். அன்னிக்குக் கையெழுத்து போட்டேனே, அதுலயும் ஒரு காப்பி குடு" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் சட்டம் பேச வேண்டாம், நான் எழுதியதையும் காட்ட வேண்டாம். "சிங்கப்பெண்ணுக்கு எதுக்கும்மா காப்பி" என்று அண்ணன் சிரித்தால் நீங்களும் சிரித்துவிட்டு, கை நீட்டியே வைத்திருங்கள். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அன்று சாயங்காலமே தேதி போட்டு அதை ஒரு நோட்டில் எழுதி வைத்து, திங்கட்கிழமை காலை வியாபாரம் முடிந்ததும் சட்ட உதவி மையத்துக்குப் போய்விடுங்கள்.